கம்பெனி அம்மா

ஸ்வாதி வாயைத் திறந்தால் ஜெயமணிக்கு முதலில் சிரிப்பு வரும், கூடவே பயமும் வரும். பெண்ணுக்கு ஐந்து வயது. யூகேஜி. கர்நாடக எல்லையை ஒட்டிய மத்திகிரியில் அவர்கள் குடியிருந்த நான்கு போர்ஷன் வரிசையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தன. அதனால் பிள்ளைக்கு மூன்று மொழியிலும் வாய் நீண்டிருந்தது. ஒருமுறை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்குப் பஸ்ஸில் போகும்போது, "அம்மா, கர்நாடகால மழ பேஞ்சா கன்னடத்துலயா பேயும்?" என்று கேட்டாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "ஹௌது புட்டி, கன்னடதல்லே" என்று பாப்பாவுக்குக் கன்னடத்திலேயே ஆமாம் போட்டார். "அப்ப நமக்கு நனையாதும்மா, நாம தமிழ்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸே சிரித்தது.

அதுவாவது வெளியூர் பஸ். வீட்டுக்கார நாகம்மாளிடம் பேசியதைத்தான் ஜெயமணியால் மறக்க முடியவில்லை. நாகம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு முன்வீட்டில் தனியாக இருந்துகொண்டு போர்ஷன்களைப் பார்த்துக்கொள்பவள். சனிக்கிழமை தன் காம்பவுண்டுக்குள் கவுச்சி வாசனை வரக் கூடாது என்பது அவள் சட்டம். ஒரு சனிக்கிழமை, "ஏன் புட்டி, வீட்ல என்ன சமையல்?" என்று சும்மா கேட்டிருக்கிறாள். ஸ்வாதி கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க ஆன்ட்டி. முட்டைன்னு மட்டும் சொல்லவே கூடாதாம்" என்று பதில் சொன்னாள்.

அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வாயை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை.

தங்கதுரை சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ப்ரெஸ் ஆபரேட்டர். இரண்டு ஆள் உயர மிஷின். தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அடியில் கார்க் கதவின் உட்பக்கமாக அழுத்தித் தந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு அந்த மிஷினைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் வீட்டுக்குள் அதற்கு மூத்தவள் என்று பெயர்.

"மூத்தவ கூப்பிடறா, போயிட்டு வரேன்" என்பான், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக் கிளம்பும்போது.

"போங்க, போங்க. அவளுக்கு எண்ண தேச்சு தொடச்சு விடற கைக்கு இங்க ஒரு தேங்கா ஒடச்சுத் தர வலிக்குது."

"அவ இதுவரைக்கும் என்னை எதுத்து ஒரு வார்த்த பேசினதில்ல, தெரியுமா?"

"அவ கத்துன கத்துலதான உங்க காதே போச்சு. நாலு தடவ கூப்ட்டாத்தான் ஒரு தடவ திரும்பறீங்க."

"ஒம்பது வருசத்துல ஒரு நாளாச்சும் அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு பொட்டிய எடுத்திருக்காளா?"

இப்படி ஓடும் பேச்சு. ஸ்வாதி இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு இட்லியை மெல்லுவாள். அவளுக்கு அதில் விளையாட்டு எது, நிஜம் எது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஆயுத பூஜைக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாகம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஸ்வாதி நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று அங்கே என்ன பேசினார்கள் என்பது ஜெயமணிக்குப் பிற்பாடு வரிக்கு வரி தெரிந்தது.

"உங்கப்பா எங்க புட்டி? இன்னிக்கும் டூட்டியா?"

"அப்பா கம்பெனி அம்மாகிட்ட போயிருக்காரு."

"யாரு அது?"

"எனக்கு ரெண்டு அம்மா ஆன்ட்டி. இது வீட்டு அம்மா, அது கம்பெனி அம்மா. அவங்கதான் மொதல்ல வந்தாங்களாம். ரொம்பக் குண்டு. அப்பாதான் தெனமும் எண்ண தேச்சு விடுவாரு. போன மாசம் அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, அப்பா ரெண்டு நாளு வீட்டுக்கே வரல."

நாகம்மாளின் மடியிலிருந்த பூவெல்லாம் படியில் கொட்டிவிட்டது.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. அம்மாவுக்கு அவங்களப் புடிக்காது."

அன்று சாயங்காலம் ஜெயமணி குழாயடியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் நிற்கிற நேரம். கை ஓடிக்கொண்டிருந்தது. நாகம்மாள் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஜெயமணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. கம்பெனி அம்மான்னு என்னமோ ஸ்வாதி சொல்லுது. நிஜமா?"

ஸ்வாதி அங்கேயும் போய் உளறியிருக்கிறாளா என்று ஜெயமணிக்குச் சிரிப்பு வந்தது. நாகம்மாளும் கேலியில் சேர்ந்துகொள்கிறாள் என்று நினைத்து, தலையை நிமிர்த்தாமலே, "அத ஏன் கேக்கறீங்கக்கா! எனக்கு முன்னாடியே வந்தவ. ஒம்பது வருசமாச்சு" என்றாள்.

"உனக்கு… பரவால்லியா?"

"என்னக்கா பண்றது? அவ இருக்கறதாலதான் இங்க அடுப்பு எரியுது. அவளை நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அவ பாட்டுக்கு அங்க, நான் பாட்டுக்கு இங்க."

"அய்யோ தேவரே" என்று சாமியைக் கூப்பிட்டாள் நாகம்மாள். ஜெயமணியின் ஈரத் தோளை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். துணி பிழிகிற அவசரத்தில் ஜெயமணி அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து காம்பவுண்டில் காற்று மாறியது. குழாயடியில் முதல் குடம் ஜெயமணியுடையது என்று ஆனது. "நீ பிடிம்மா, பாவம், உனக்கு வேற கவல இருக்குது" என்று வழிவிட்டார்கள். என்ன கவலை என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து போர்ஷன் ஜோதிமணி கிண்ணம் நிறையக் கேசரி கொண்டுவந்து கொடுத்து, "சாப்பாட்ட மட்டும் விட்டுறாதீங்க" என்றாள். நாகம்மாள் வாடகை வாங்க வந்தவள் வாங்காமல், "அப்புறமா குடு, உன் கைல ரெண்டு காசு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சொன்னால் சொன்ன தேதியில் வாடகையை எண்ணி வாங்குகிறவள்.

தங்கதுரைக்கு நேர்மாறு. "காலைல நமஸ்காரக்கான்னு சொன்னேன். வீட்டுக்காரம்மா காதுலயே வாங்கல. அந்தப் பக்கம் திரும்பித் துப்புனாங்க" என்றான். "ஜோதிமணி வீட்டுக்காரர் பிரேம்குமார் வேற, ரெண்டு எடத்துல கால வெச்சா விழுந்துருவோம் சார்னு சொல்றாரு. நான் வேற கம்பெனிக்கு பயோடேட்டா குடுத்தது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புதன்கிழமைதான் ஜெயமணிக்கு விளங்கியது. ஜோதிமணி கேசரிக் கிண்ணத்தைத் திருப்பி வாங்க வந்தவள், கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றாள். அப்புறம் குரலைத் தணித்து, "மனச விட்டுறாதீங்க ஜெயா. குண்டா இருக்கறவள எத்தன நாளைக்கு வெச்சிருப்பாரு? நீங்க எவ்வளவு லட்சணமா இருக்கீங்க" என்றாள்.

ஜெயமணிக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்தது. குடம், கேசரி, தோள் தடவல், வாடகை, அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். உடம்பு குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கதவுக்கு வெளியே ஜோதிமணி, "அழுதுருங்க, அழுதுருங்க, அழுதாத்தான் ஆறும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கக் கேட்க ஜெயமணிக்கு இன்னும் தாங்கவில்லை.

வெளியே வந்து விஷயத்தைச் சொல்லிவிடத்தான் இருந்தாள். சிவந்த கண்ணோடு கதவைத் திறந்தபோது ஜோதிமணி அவளைக் கட்டிக்கொண்டாள். அந்த நேரத்தில் அது மிஷின் என்று எப்படிச் சொல்வது? அதோடு வேறொரு எண்ணமும் வந்தது. ஆறு வருஷமாக மூத்தவள் மூத்தவள் என்று கொடிகட்டிப் பறந்த மனுஷன். ஒரு வாரம் கொஞ்சம் வேகட்டுமே. ஆயுத பூஜையன்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். முதல் குடம் தண்ணீரையும் அதுவரைக்கும் எதற்கு விடுவது?

சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு அந்த விளையாட்டு இனித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஜோதிமணி மூச்சிரைக்க வந்தாள். "பஸ் ஸ்டாண்டுகிட்ட ஜவுளிக்கடைல உங்க வீட்டுக்காரரப் பாத்தேன். ரெண்டு பொடவ எடுத்தாரு ஜெயா. ஒண்ணு மயில்கழுத்துக் கலரு, ஒண்ணு நல்ல சிவப்பு. ரெண்டு!"

"சரி, சரி" என்று ஜெயமணி சிரித்துவைத்தாள்.

தங்கதுரை அன்றைக்கே மயில்கழுத்துப் புடவையை அவள் கையில் கொடுத்தான். "பூஜைக்குக் கட்டிக்க. திங்கக்கெழம கம்பெனிக்குக் குடும்பத்தோட வரச் சொல்லிருக்காங்க" என்றான். நல்ல புடவை. முந்தானையில் மெல்லிய ஜரிகை. ஜெயமணி அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே சிவப்புக்காகக் காத்திருந்தாள். சிவப்பு வரவில்லை.

ஞாயிறு காலையில் அவன் டூட்டிக்குப் போன பிறகு பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள். பரண்மேல் இருந்த பையை இறக்கினாள். ஸ்வாதியின் ஸ்கூல் பையைக்கூட விடவில்லை. சிவப்பு எங்கேயும் இல்லை. அவன் அம்மாவுக்கு எடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு ஏழு வருஷமாக வெள்ளைப் புடவைதான். அக்கா தங்கை கிடையாது. ஜெயமணி சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை. ஊரெல்லாம் தன்னைப் பார்த்து உச்சுக்கொட்டியபோது வராத கூச்சம் அன்று மத்தியானம் வந்தது. போன மாசம் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லையே, மிஷின்தான் ரிப்பேர் என்று யார் பார்த்தது? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். அப்புறம் மறுபடியும் நினைத்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவன் வந்ததும் கேட்டுவிடலாம் என்று இருந்தாள். வந்தான், சாப்பிட்டான், மகளோடு மூலையில் உட்கார்ந்து என்னமோ குசுகுசுத்துச் சிரித்தான். அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறந்த ஊரான கல்லாவியிலிருந்து அவள் அண்ணன் கமலக்கண்ணன் வந்து நின்றான். வருஷா வருஷம் நாகம்மாளுக்குப் புளி கொண்டுவந்து கொடுப்பவன். அந்தப் பழக்கத்தில் நாகம்மாளிடம் அவன் நம்பர் இருந்தது. போன் செய்திருக்கிறாள். கடலைக் காட்டை அப்படியே விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறான்.

"வாங்க மச்சான்! சொல்லாம கொள்ளாம! ஜெயா, அண்ணன் வந்திருக்காரு, காப்பி போடு" என்றான் தங்கதுரை.

"காப்பி கெடக்கட்டும்." கமலக்கண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. "எத்தன வருசமா நடக்குது இது?"

"எது மச்சான்?"

"கம்பெனில."

"கம்பெனிலயா? ஒம்பது வருசமாச்சே. உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு பாக்க வந்தப்பவே சொன்னேனே."

கமலக்கண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு பாக்க வந்தப்பவேவா? யாருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான் மச்சான். சீக்கிரமே பர்மனென்ட் ஆயிடும்னுகூட சொன்னேன்."

கமலக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினான். அடுப்படியில் நின்ற ஜெயமணி போய்த் தடுத்திருக்க வேண்டும். போகவில்லை. அண்ணன் கேட்கிற கேள்விக்குத் தன் புருஷன் என்ன பதில் சொல்வான் என்று கேட்க அவளுக்கும் வேண்டியிருந்தது.

அதற்குள் பாவாடை சட்டையோடு ஸ்வாதி ஓடிவந்து மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீயும் கம்பெனி அம்மாவப் பாக்க வர்றியா? இன்னிக்கு அவங்களுக்குப் புதுப் பொடவ. சிவப்பு! அப்பாவும் ஃப்ரெண்டுங்களும் நேத்தே கட்டி விட்டுட்டாங்க. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம், சர்ப்ரைஸாம்."

அடுப்படியில் ஜெயமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு பகல் முழுக்க நெஞ்சில் கிடந்தது ஒரே வாக்கியத்தில் போய்விட்டது. மிஷினுக்குப் புடவை! பாழாய்ப் போன இரும்புக்குச் சிவப்புப் புடவை! சிரிப்பும் அழுகையுமாக எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

கமலக்கண்ணன் அந்தக் கண்ணீரைத்தான் பார்த்தான். "பாத்தியா மாப்ள, எந் தங்கச்சி மொகத்தப் பாத்தியா? பச்சக் கொழந்தையையும் அவகிட்டக் கூட்டிப் போறியா நீ?"

தங்கதுரை மச்சானைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், வாசலில் கைகட்டி நின்ற நாகம்மாளைப் பார்த்தான். துப்பியதும், இரண்டு இடத்தில் கால் வைக்காதே என்றதும் இப்போது அவனுக்கு ஒன்றுசேர்ந்தது. கடைசியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"அண்ணா, அது வந்து…" என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாத" என்றான் தங்கதுரை. பக்கத்தில் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உனக்குத் தெரியும், இல்ல?" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

"எத்தன நாளா?"

"புதங்கெழமைலேருந்து."

"அஞ்சு நாளு என்னைத் துப்ப விட்டு வேடிக்க பாத்திருக்க. சரி. இனிமே நான் பாத்துக்கறேன்." அவன் மச்சான் பக்கம் திரும்பி, முகத்தை ரொம்பப் பாவமாக வைத்துக்கொண்டு, "மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல மச்சான். நேர்ல வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்" என்றான்.

"நானும் வர்றேன்" என்றாள் நாகம்மாள். அவள் புடவை மாற்றிக்கொண்டு தயாராகத்தான் நின்றிருந்தாள்.

கம்பெனி பஸ்ஸில் ஜெயமணி மூன்று தடவை அண்ணனிடம் சொல்லப் பார்த்தாள். மூன்று தடவையும் அவன் கையை உயர்த்தினான். "இத்தன வருசம் பேசாம இருந்தல்ல, இன்னும் அர மணி நேரம் இரு." நாகம்மாள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விடவே இல்லை. முன் சீட்டில் தங்கதுரையின் தோள் லேசாகக் குலுங்குவது ஜெயமணிக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

கம்பெனி வாசலில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்துப்போட்டு, கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. உள்ளே நுழைந்ததும் கமலக்கண்ணன் கண்ணில் படுகிற பெண்களையெல்லாம் முறைக்க ஆரம்பித்தான். பேக்கிங் செக்ஷன் பெண்கள் கோலத்தைச் சுற்றி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒல்லி. கேன்டீன் பக்கம் திரும்பியபோது நாகம்மாள் அவன் முழங்கையை இடித்தாள். சுண்டல் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த ராஜலட்சுமி அக்கா நல்ல பருமன். தலையில் எண்ணெய் மின்னியது.

"வாங்க தங்கதுரை! இவங்கதான் வீட்லயா? பாப்பா எவ்ளோ வளந்துடுச்சு!" என்று அவள் வாயெல்லாம் பல்லாக ஒரு பொட்டலத்தைக் கமலக்கண்ணனிடம் நீட்டினாள்.

"உங் கையால எனக்கு எதுவும் வேணாம்" என்றான் அவன்.

ராஜலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "சக்கரை வியாதியாங்க? சுண்டல் சாப்பிடலாமே" என்று மறுபடியும் நீட்டினாள்.

ஜெயமணியால் அதற்குமேல் முடியவில்லை. "அய்யோ அண்ணா, இவங்க இல்ல!" என்று கத்தினாள். அதே நேரம் ஸ்வாதி, "கம்பெனி அம்மா!" என்று ஓடினாள்.

ஷெட்டின் கடைசியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு ஆள் உயரம். பச்சைப் பெயின்ட். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் உள்ளங்கை அகலக் குங்குமமும். கழுத்து மாதிரி இருந்த இடத்தில் செண்டுமல்லி மாலை. இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் புடவை, முன்னால் கொசுவம் வைத்து, ஊக்குக் குத்தி, முந்தானையை மேலே போல்ட்டில் செருகியிருந்தார்கள். ஆம்பளைகள் கட்டிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. கொசுவம் கோணலாக இருந்தது.

கமலக்கண்ணன் தலையை அண்ணாந்து பார்த்தான். வலப்பக்கம் போய்ப் பார்த்தான், இடப்பக்கம் போய்ப் பார்த்தான். மிஷினுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றும் எட்டிப் பார்த்தான்.

"இதுவா?" என்றான்.

"இவதான் மச்சான். ரொம்பக் குண்டு, முப்பது டன் இருக்கும். எண்ண தேய்க்கலேன்னா கத்துவா. போன மாசம் ஒடம்பு சரியில்லாம போயி ரெண்டு நாளு ரிப்பேரு பாத்தோம். இப்ப சொல்லுங்க, தள்ளி வெச்சுறவா?"

நாகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஜெயமணியைப் பார்த்தாள். பார்வை மெல்ல மாறியது. "மொதல் கொடம் தண்ணி!" என்றாள். "ஒரு வாரமா மொதல் கொடம் தண்ணி புடிச்சியே, பாவி!" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையோடு அவளே சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல், மிஷினுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

சற்றுத் தள்ளி நின்ற பிரதாப் ஓடிவந்து எல்லாருக்கும் வணக்கம் வைத்தான். மானாமதுரைக்காரன். தங்கதுரை டூட்டி முடித்ததும் அதே மிஷினில் அடுத்த ஷிஃப்ட் பார்ப்பவன். "சேலை எப்புடிண்ணே இருக்கு? நாங்க மூணு ஷிஃப்டு ஆளும் சேந்து எடுத்தது. அண்ணனுக்குத்தான் கலர் பாக்கத் தெரியும்னு அவர அனுப்புனோம்" என்றான் கமலக்கண்ணனிடம்.

ஸ்வாதி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களும் கம்பெனி அம்மாவுக்கு எண்ண தேய்ப்பீங்களா அங்கிள்?"

"ஆமாடா. நான் தேய்ப்பேன், ராத்திரி வர்ற மாமாவும் தேய்ப்பாரு."

ஸ்வாதி விரல்விட்டு என்னமோ கணக்குப் போட்டாள். அப்புறம் அம்மாவிடம் திரும்பி, ஷெட்டே கேட்கிற மாதிரி, "அப்ப எனக்கு மூணு அப்பாவாம்மா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் அங்கே பூஜை நின்றுபோனது. பிரதாப் காதுவரைக்கும் சிவந்து மிஷினுக்குப் பின்னால் போய்விட்டான். சூப்பர்வைசர் கையிலிருந்த கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஜெயமணிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கமலக்கண்ணன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். அவனுக்கு விடியற்காலையிலிருந்து அடக்கிவைத்த கோபமெல்லாம் வெளியே வர ஒரு வழி தேவைப்பட்டது.

"மாப்ள, என்ன மன்னிச்சுரு" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பஸ்ஸுல வரக்குள்ள உன்ன என்னென்னமோ பண்ணணும்னு நெனச்சிகினு வந்தேன்."

"அது கெடக்கட்டும் மச்சான். இவ எனக்கு மூத்த சம்சாரம்னா உங்களுக்கு இவளும் தங்கச்சிதான. பொறந்த வீட்டு ஆளு வெறுங்கையோட வரலாமா? சீர் எங்க?"

"கோவத்துல கெளம்புனவன் சீரா எடுத்துகினு வருவான்?" என்றவன், சட்டைப்பையைத் தடவினான். ஒன்றுமில்லை. ராஜலட்சுமியிடம் போய், அசட்டுச் சிரிப்போடு கையை நீட்டிச் சுண்டல் பொட்டலத்தை வாங்கி வந்து மிஷின் காலடியில் வைத்தான். "இப்போதைக்கு இத வெச்சுக்க தாயி. அறுப்பு முடிஞ்சதும் பாக்கலாம்." அப்புறம் விவசாயிக்குரிய சந்தேகங்கள் அவனுக்கு வந்துவிட்டன. எத்தனை யூனிட் கரண்ட் இழுக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கதவு அடிக்கும், கை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசிக் கேள்விக்குத் தங்கதுரை, "ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அழுத்துனாத்தான் எறங்குவா மச்சான், கை உள்ள போக வழியே கெடையாது" என்று செய்து காட்டினான். ஜெயமணி அதைக் கவனித்துக் கேட்டாள். ஆறு வருஷத்தில் அதை அவள் கேட்டதே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்வாதி மாமா மடியில் தூங்கிவிட்டாள்.

"கோவமா?" என்று கேட்டாள்.

"இல்லேன்னு சொன்னா பொய். அந்தம்மா துப்புனது எனக்குத்தான தெரியும்."

"நேத்து எனக்கும் ஒரு பகலு சரியா போவல" என்றாள். ஜோதிமணி பார்த்ததையும், சிவப்புப் புடவையைத் தேடி ஸ்கூல் பைவரை கவிழ்த்ததையும் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க, மூத்தவளுக்குன்னு சொல்லியிருப்பீங்க. நான் அத நம்பியிருக்க மாட்டேன்."

அவன் யோசித்துப் பார்த்து, "அதுவும் சரிதான்" என்றான். அவள் மயில்கழுத்து முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "அவளுக்குக் கொசுவம் கோணலா கட்டிருக்கீங்க. அடுத்த வருசம் நான் வந்து கட்டி விடறேன்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் காம்பவுண்டு முழுக்கப் பரவிவிட்டது. ஜோதிமணி கொடுத்த கேசரியைத் திருப்பித் தரச் சொல்லி வந்து, உள்ளே உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போனாள். பிரேம்குமார் தங்கதுரையைப் பார்க்காமல் பின்பக்க வழியாகவே போய்வந்தார். நாகம்மாள் எல்லாரையும் தன் வீட்டுக்கு முன்னால் உட்காரவைத்துப் பொரியும் பழமும் கொடுத்தாள். கம்பெனியில் நடந்ததை அவள் ஐந்தாவது தடவையாகச் சொல்லும்போது, தூங்கி எழுந்த ஸ்வாதி பின்பக்கமிருந்து ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, உங்க வீட்டுக்குள்ள மாடு இருக்கு."

"இருக்கும், இருக்கும்" என்றாள் நாகம்மாள். "கம்பெனி மாடா, வீட்டு மாடா?"

"நெஜமா ஆன்ட்டி. சாமிகிட்ட நிக்குது."

"பொடவ கட்டியிருக்குதா புட்டி? என்ன கலரு?" என்று ஜோதிமணி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கமலக்கண்ணன் மருமகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே நீ சொல்றத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நம்புவோம்" என்றான். ஸ்வாதி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "பழம் பூராவும் தின்னுடுச்சு, இப்ப வாழமரம் திங்குது" என்றாள்.

உள்ளே என்னமோ உருண்டு விழுந்தது. பித்தளைச் சத்தம்.

நாகம்மாள் எழுந்து ஓடினாள். பின்கதவு திறந்துகிடந்தது. பூஜைக்கு நிறுத்தியிருந்த வாழைக்கன்றில் பாதியைக் காணோம். குங்குமப் பொட்டு வைத்த கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் நடுவில், எதிர்வீட்டுச் செவலைப் பசு கழுத்தில் செண்டுமல்லிச் சரம் தொங்க நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. நாகம்மாள் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறிமாறிக் கத்தினாள். பசு காதை மட்டும் ஆட்டியது.

"தமிழ்ல சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் ஸ்வாதி வாசலிலிருந்து. "அது நம்ம தெரு மாடு."